முழு சஸ்பென்ஷன் சைக்கிள்: 120, 130, 150 என்று ஆளுக்கொரு கணக்கு, யார் சொல்வதைக் கேட்பது?

சங்கிலிக்கறுப்பு · ஸ்காபரோ

வணக்கம். இரண்டு வருடமாக வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன் நான். இன்றைக்கு வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். முன்னுக்கும் பின்னுக்கும் அதிர்வு தாங்கி உள்ள முழு சஸ்பென்ஷன் மலைச் சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும்; சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறி இறங்க வேண்டும் (ட்ராவல்) என்பதில்தான் குழப்பம்.

என்னிடம் இருப்பது 2016ஆம் ஆண்டு ஹார்ட்டெயில், அதாவது முன்னுக்கு மட்டும் அதிர்வு தாங்கி உள்ள சைக்கிள். முன்னுக்கு 100 மில்லிமீட்டர் ஃபோர்க், பின்னுக்கு என் முதுகெலும்பு. வயது 41, எடை 92 கிலோ, உயரம் 178 சென்டிமீட்டர். கிழமை நாளில் வேலை முடிந்து டொன் பள்ளத்தாக்கு, பெரும்பாலும் குறோதர்ஸ் வூட்ஸ். சனி, ஞாயிறில் அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் டர்ஹம் ஃபொரஸ்ட். மாதத்தில் ஒரு தடவை கெல்சோ, அங்கேதான் அடி. மேலே அந்தச் சுண்ணாம்புக்கல் பகுதியில் அரை மணித்தியாலம் ஓடினால் கை மரத்துப்போகிறது, அடுத்த நாள் இடுப்பு வேலைக்கு வர மறுக்கிறது.

கையில் வரியோடு சேர்த்து 4000 டொலர். 13 வீத வரியைக் கழித்தால் கடை விலை 3540க்கு மேல் போக முடியாது.

இனிக் கதைக்கு வருகிறேன். வன்கூவரில் இருக்கிற மச்சான் 150க்குக் குறைய வாங்கினால் அது விளையாட்டுச் சாமான் என்கிறான். முதல் கடைக்காரர் 120 தாராளம் என்றார். இரண்டாவது கடைக்காரர் 150 எடுங்கள், பிறகு கவலைப்பட மாட்டீர்கள் என்றார். இரண்டு பேரிடமும் அந்தந்த அளவுச் சைக்கிள்தான் விற்காமல் கிடந்தது என்பது வெளியே வந்து காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது. இரவு ஒரு மணி வரை யூடியூபில் விமர்சனம் பார்க்கிறேன். நேற்று மனைவி சந்தேகத்தோடு வந்து எட்டிப் பார்த்து, "சைக்கிளா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டார்.

பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. உங்கள் அனுபவம் சொல்லுங்கள்.


பழைய_பெடல் · அக்ஸ்பிரிட்ஜ்

தம்பி, முதலில் மச்சானை ஒரு பக்கம் வையுங்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய ஊருக்கு அது உண்மை. வட வன்கூவரில் ஃபுரோம் மலை, சீமோர் மலை என்றால் ஏறி முடிக்கவே நல்ல நேரம் பிடிக்கும், இறங்குகிற வழியெல்லாம் ஈரப் பாறையும் வேரும் மரப் பாலமும். விஸ்லரில் லிஃப்ட் பிடித்து மேலே போனால் 1500 மீட்டர் அளவுக்கு இறங்கலாம். நமக்குப் பக்கத்தில் லிஃப்ட் உள்ள பெரிய இடம் என்றால் கொலிங்வுட்டில் புளூ மௌன்டன், அது 220 மீட்டர். கெல்சோவில் பனிச்சறுக்கு ஓடுகிற மேடு 70 சொச்சம். டொன் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசவே தேவையில்லை, மூச்சுப் பிடித்தால் ஏறிவிடலாம்.

டர்ஹம் ஃபொரஸ்ட் இருக்கிற ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் பனிப்பாறை விட்டுப்போன மணலும் சரளையும் சேர்ந்த மேடு. ஏறு, இறங்கு, வளை, மறுபடி ஏறு, இதுதான் அங்கே நாள் முழுக்க. தொடர்ந்து இரண்டு நிமிடம் இறங்க இடமில்லை. அங்கே 160 மில்லிமீட்டர் கொண்டுபோவது கோயில் திருவிழாவுக்கு லொறி எடுத்துக்கொண்டு போன மாதிரி. போகலாம், நிறுத்துவதுதான் கஷ்டம்.

நான் ஓட்டுவது 120, வயது 63, எடை 74, குதிக்கிற வேலை எல்லாம் விட்டுவிட்டேன். ஆகவே நான் 120 என்று சொன்னால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.


வாட்டர்லூ_வண்டி · கிச்சனர்

அண்ணா, நான் எதிர்க்கட்சி. முழு சஸ்பென்ஷனே வேண்டாம் என்கிறேன்.

2016 ஹார்ட்டெயில் என்றால் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம்) 69, 70 டிகிரி இருக்கும், முன்சக்கரம் உங்கள் மூக்குக்கு நேர் கீழே. அதை வைத்துக்கொண்டு "ஹார்ட்டெயில் அடிக்கிறது" என்று சொன்னால் எப்படி? இப்போது வருகிற ஹார்ட்டெயில் 65 டிகிரி, 140 ஃபோர்க், 2.5 அங்குல டயர், டிராப்பர் சீட்போஸ்ட்டோடு (ஓடும்போதே ஏற்றி இறக்கக்கூடிய சீட் தண்டு) 2000 டாலர் சுற்றி வருகிறது. மிச்சம் 2000 உங்கள் பையில். முழு சஸ்பென்ஷனில் பின்பக்கம் மட்டும் எத்தனை பேரிங் என்று எண்ணிப் பாருங்கள். ஷாக் (பின்பக்க அதிர்வு தாங்கி) சர்வீஸ் தனி. ஒன்றரை கிலோ கூடுதல் எடை வேறு. அந்த 3500 டாலர் முழு சஸ்பென்ஷனில் கம்பெனி காசை ஃபிரேமில் கொட்டிவிட்டு பிரேக்கிலும் ஃபோர்க்கிலும் மிச்சம் பிடிப்பான். 92 கிலோ ஆளுக்கு பிரேக் முக்கியம்.

எங்கள் பக்கத்து ஹைட்ரோகட் தடங்களில் ஆறு வருடம் ஹார்ட்டெயிலில்தான் சுற்றுகிறேன். இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது.


வேரும்கல்லும் · மில்டன்

//இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது//

ஹைட்ரோகட்டில் யாருக்குத்தான் இடுப்பு வலிக்கும்? அழகான இடம், நானும் வருவேன், ஆனால் அது உருண்டு போகிற மண் தரை. ஒரு நாள் ஹில்டன் ஃபால்ஸுக்கு வாருங்கள், எஸ்கார்ப்மென்ட் (செங்குத்துப் பாறை விளிம்பு) கல்லில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தபடி பெடல் போடுங்கள், அப்புறம் பேசலாம். அவர் கேட்டது கெல்சோவில் இடுப்பு வலிக்கிறது என்று. நீங்கள் சொல்வது உங்களுக்கு வலிக்கவில்லை என்று.

சங்கிலிக்கறுப்பு அண்ணா, நான் சுட்டுக்கொண்ட கதையைச் சொல்கிறேன். எடை 54 கிலோ, உயரம் 159. முதல் முழு சஸ்பென்ஷன் வாங்கும்போது நான் ஓட்டுகிற குழுவில் நான்கு பேர், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் 80 கிலோவுக்கு மேல், ஒரே மாடலைத்தான் சொன்னார்கள். பஞ்சு மாதிரி இருக்கும் என்றார்கள். எனக்கு அது பலகை மாதிரி இருந்தது. 140 மில்லிமீட்டரில் நான் ஒரு நாளும் 95ஐத் தாண்டவில்லை. காற்றைக் குறைத்தால் சக்கரம் அமுங்குகிறது, ஆனால் ரீபவுண்டை (அமுங்கிய ஷொக் திரும்பி வரும் வேகம்) முழுக்கத் திறந்து விட்டாலும் ஷொக் மெதுவாகத்தான் மேலே வருகிறது, ஏனென்றால் வேகத்தை அடக்குகிற அந்த டாம்பிங் எண்ணெயும் ஷிம் தகடுகளும் 80 கிலோ ஆளை மனதில் வைத்துப் பொருத்தியது. வேர் வேராக வந்தால் ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். ஒரு வருடம் எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்தேன். பிறகு ஒரு சஸ்பென்ஷன் கடையில் உள்ளே திறந்து எடை குறைந்த ஆளுக்கான மெல்லிய டியூனுக்கு மாற்றித் தந்தார்கள். அதே சைக்கிள், வேறு பிறவி.

அன்றிலிருந்து ஒருவர் ஷொக்கைப் பற்றிக் கருத்துச் சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, நீங்கள் எத்தனை கிலோ? பதில் வராவிட்டால் காதில் போடுவதில்லை.


வேகம்90 · பேரி

120. விவாதம் முடிந்தது 🙂

சரி, காரணமும் சொல்கிறேன். ஒன்ராறியோவில் 120 என்பது பாதி உலகத்துக்கு 140 மாதிரி. ஓரோ மெடோன்டேயில் ஹார்ட்வுட் பார்த்திருப்பீர்கள், 2015 பான் ஆம் மலைச் சைக்கிள் போட்டி நடந்த இடம். பெண்கள் பிரிவில் எமிலி பாட்டி தங்கம் எடுத்தார், ஒன்ராறியோ புரூக்ளின் ஊர்க்காரர், நம்ம பக்கத்து ஆள். அந்தப் பாதையை அவர்கள் ஓடியது நீங்கள் சொல்கிற 150இலா? இன்றைய 120 சைக்கிள்களின் ஜியோமெட்ரி பத்து வருடம் முந்தைய என்டியூரோ (கரடுமுரடான இறக்கத்துக்கென்று செய்த) சைக்கிளைவிடத் துணிச்சலானது. 10 மில்லிமீட்டர் கூடுதல் என்பது உங்கள் சுண்டு விரல் அகலம். அதற்காகச் சண்டை பிடிக்கிறோம்.


வேரும்கல்லும் · மில்டன்

எமிலி பாட்டியும் 92 கிலோ அண்ணாவும் ஒரே தராசில் ஏறுகிறார்களா? உலகக் கோப்பை ஆட்கள் எதில் வேண்டுமானாலும் ஓடுவார்கள், அவர்கள் கால் அதற்கென்று பழகியது. அலுவலகத்தில் எட்டு மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டு வருகிற முதுகுக்குப் பதில் சொல்லுங்கள்.


வேகம்90 · பேரி

கோபம் வேண்டாம் அக்கா. நானும் கதிரையில்தான் இருக்கிறேன். ஆனால் ஒன்று, ட்ராவல் கூடினால் முதுகு வலி குறையும் என்பது பாதிதான் உண்மை. சீட் உயரம், ரீச் (ஃபிரேமின் முன்நீளம்), ஹாண்டில்பார் உயரம் இவற்றில்தான் பாதி முதுகு இருக்கிறது.


வேரும்கல்லும் · மில்டன்

அது சரி. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் சத்தம் போடுகிறேன்.


மட்டுறுத்துநர்

இ-பைக் வாங்கச் சொல்லி வந்த நான்கு பதிவுகளையும், அதற்கு வந்த பதினொரு பதில்களையும் தனி இழைக்கு மாற்றியாகிவிட்டது. அங்கே போய் ஆசை தீரச் சண்டை பிடியுங்கள்.


சங்கிலிக்கறுப்பு · ஸ்காபரோ

எல்லோருக்கும் நன்றி. நேற்று மூன்றாவதாக ஒரு கடைக்குப் போய் 130 / 140 சைக்கிள் ஒன்றை வெளியே எடுத்து ஓட்டினேன். பின்னுக்கு 130, முன்னுக்கு 140. கடைக்குப் பின்னால் இருக்கிற புல்வெளி, ஒரு சிறிய ஏற்றம், நடைபாதை விளிம்பு இரண்டு, அவ்வளவுதான் இடம்.

உண்மையைச் சொன்னால் ஏமாற்றம். பெடல் போடும்போது மெத்தைக் கட்டிலில் நின்று நடப்பது மாதிரி, ஒவ்வொரு மிதிக்கும் கீழே போய் மேலே வருகிறது. சீட் வேறு பின்னுக்குச் சாய்ந்த மாதிரி. இதற்கா 3500 என்று தோன்றிவிட்டது. வாட்டர்லூ தம்பி சொன்னதுதான் சரியோ என்று யோசிக்கிறேன்.

இன்னொன்று, ஒவ்வொரு கம்பெனியும் பின்பக்கக் கட்டமைப்புக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஜயன்ட் ஸ்டான்ஸ் ஃபிளெக்ஸ்பொயின்ட் என்கிறது, ட்ரெக் ஏபிபி என்கிறது, நோர்கோ ஃபுளூயிட் ஹோர்ஸ்ட் லிங்க் என்கிறார்கள், டிடபிள்யூ லிங்க்தான் உலகத்திலேயே சிறந்தது என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். இது உண்மையா, விளம்பரமா?


வாட்டர்லூ_வண்டி · கிச்சனர்

கட்சி மாறவில்லை, ஆனால் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், தொழில் இதுதான்.

நீங்கள் பெடல் போடும்போது இரண்டு விஷயம் நடக்கும். உடம்பு எடை பின்னால் சாய்ந்து ஷாக்கை அமுக்கப் பார்க்கும். செயின் இழுவிசை பின்சக்கரத்தைக் கீழே தள்ளி அதை எதிர்க்கும். இந்த எதிர்ப்புக்குத்தான் ஆன்ட்டி ஸ்குவாட் என்று பெயர். பிவட் (பின்பக்கம் மடங்குகிற மூட்டு) எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். ரொம்பக் கூட்டினால் பெடல் போட நன்றாக இருக்கும், ஆனால் கல்லில் ஏறும்போது பெடல் காலைத் திருப்பி உதைக்கும். குறைத்தால் நீங்கள் சொன்ன மெத்தை.

ஹோர்ஸ்ட் லிங்க் என்பது ஹோர்ஸ்ட் லைட்னர் என்பவர் கொண்டுவந்தது, பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், கீழ்க் கம்பியில் ஒரு பிவட். அந்தக் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்ட் 1998இல் வாங்கி வைத்துக்கொண்டது. 2013இல் அது காலாவதியானது, அப்புறம் இங்கே யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆகிவிட்டது. இப்போது சந்தையில் பாதி சைக்கிள் அதுதான். ட்ரெக்கின் ஏபிபியில் அந்தப் பிவட் நேராக அச்சைச் சுற்றியே இருக்கும். டேவ் வீகிளின் டிடபிள்யூ லிங்கில் இரண்டு குட்டை லிங்க். ஜயன்ட் ஃபிளெக்ஸ்பாயின்ட்டில் பின்னால் பிவட்டே கிடையாது, மேல் கம்பி கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பேரிங் குறைவு, எனக்கு அதுதான் பிடிக்கும்.

எல்லாமே வேலை செய்யும். உங்கள் விலையில், உங்கள் தடத்தில், கண்ணைக் கட்டிவிட்டால் ஐந்தில் ஒருவர்கூடப் பெயர் சொல்ல மாட்டார் என்பது என் கட்சிக் கருத்து.


வேரும்கல்லும் · மில்டன்

அண்ணா, ஒரே ஒரு கேள்வி. கடையில் ஏறும்போது ஷொக்கில் காற்று யாருடைய எடைக்கு இருந்தது? ஷொக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, நீங்கள் இறங்கிய பிறகு அது எங்கே நின்றது?


சங்கிலிக்கறுப்பு · ஸ்காபரோ

காற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் படம் ஒன்று எடுத்தேன், ஏறி உட்கார்ந்து மெதுவாக இறங்கிய பிறகு. பெரிதாக்கிப் பார்த்தால் வளையம் 20 மில்லிமீட்டரில் நிற்கிறது. தண்டு முழுவதும் 50.


வேரும்கல்லும் · மில்டன்

பிடிபட்டது. 50இல் 20 என்றால் 40 வீதம் சாக், அதாவது ஆள் உட்கார்ந்ததும் ஷொக் அமுங்குகிற அளவு. 30 வீதம், அதாவது 15 மில்லிமீட்டர் நிற்க வேண்டும். உங்களுக்கு முன்னால் 65, 70 கிலோ ஆள் யாரோ ஓட்டியிருக்கிறார், கடைக்காரர் அப்படியே எடுத்து உங்களிடம் தந்துவிட்டார். நீங்கள் ஓட்டியது அந்த ஆளின் சைக்கிள். பின்பக்கம் அவ்வளவு உட்கார்ந்தால் சீட்டும் பின்னால் சாயும், ஏறும்போது முன்சக்கரம் அலையும், பெடல் தரையில் தட்டும். எல்லாம் ஒரே காரணம்.

பம்ப் ஒன்றும் ஐந்து நிமிடமும் இருந்தால் தீர்ந்திருக்கும். இதைத்தான் நான் சொல்வது, மற்றவர் கருத்தை மட்டுமல்ல, நம் கருத்தையும் அளவுகோல் வைத்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.


பழைய_பெடல் · அக்ஸ்பிரிட்ஜ்

தம்பி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கெல்சோவுக்கு வாருங்கள். மழை இல்லாவிட்டால் மட்டும். ஈரத்தில் ஓடித் தடத்தைக் கிழிக்கிற ஆட்களோடு எனக்குப் பேச்சு இல்லை. என் 120ஐக் கொண்டுவருகிறேன், லார்ஜ். எங்கள் குழுவில் ஒருவரிடம் 150 / 160 இருக்கிறது, அவரும் உங்கள் உயரம்தான், கேட்டிருக்கிறேன், தருவார். பம்ப் என்னிடம் இருக்கிறது. உங்கள் பழைய சைக்கிளையும் கொண்டுவாருங்கள். ஒரே வட்டத்தை மூன்றிலும் ஓடிப் பாருங்கள், பிறகு இந்த இழையை மூடிவிடலாம்.

வரும்போது நீளக் காலுறை போடுங்கள், உண்ணி இருக்கிறது.


சங்கிலிக்கறுப்பு · ஸ்காபரோ

சனிக்கிழமை அறிக்கை. நீளமாகத்தான் இருக்கும், மன்னிக்கவும்.

வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கியதும் பழைய_பெடல் ஐயா என் சைக்கிளைப் பார்த்தார், ரயரை விரலால் அமுக்கினார், மறுபடி அமுக்கினார், ஒன்றும் பேசாமல் பையிலிருந்து காற்று அளக்கிற கருவியை எடுத்தார். 38 பிஎஸ்ஐ. "தம்பி, இது ரயரா தேங்காயா?" என்றார். நான் எட்டு வருடமாக ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கிற எண்ணுக்குக் கிட்டவே அடித்துக்கொண்டிருக்கிறேன், டியூப் வெடிக்கும் என்ற பயத்தில். 28க்குக் குறைத்துவிட்டார். டியூப் போட்ட ரயருக்கு என் எடையில் அதற்குக் கீழே போனால் கல்லில் பாம்புக்கடி (டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை) விழும், டியூப்லெஸ் என்றால் இன்னும் இறக்கலாம் என்றார்.

முதல் வட்டம் என் பழைய குதிரையில். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கை மரத்துப்போவதில் பாதி அங்கேயே போய்விட்டது. எட்டு வருடம்! 4000 டொலர் செலவழிக்க வந்த இடத்தில் பத்து பிஎஸ்ஐ காற்று. வாட்டர்லூ தம்பி சிரிக்கட்டும். ஆனால் இடுப்பு போகவில்லை, அதுதான் விஷயம். உட்கார்ந்து பெடல் போட முடியவில்லை, கல் வந்தால் எழும்ப வேண்டும், உட்கார்ந்தால் மறுபடி எழும்ப வேண்டும், இருபது நிமிடத்தில் தொடை எரிந்து நான் இருந்துவிடுகிறேன், அப்போது சீட் அடிக்கிறது. இடுப்பு வலி வருகிற வழி இதுதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இரண்டாவது வட்டம் ஐயாவின் 120. என் எடைக்குக் காற்று அடித்து, வளையத்தைத் தள்ளி, உட்கார்ந்து இறங்கிப் பார்த்து, மறுபடி அடித்து, 30 வீதம் வந்த பிறகுதான் விட்டார். முதல் கல் வரிசை வந்தது, பழக்கத்தில் எழும்பப் போனேன், "இருங்கள், பெடலை விடாதீர்கள்!" என்று பின்னாலிருந்து சத்தம். இருந்தேன். பின்சக்கரம் தன்பாட்டில் ஏறி இறங்கிப் போனது. அந்த ஒரு நிமிடத்தில் முழு சஸ்பென்ஷன் வேண்டுமா வேண்டாமா என்கிற கேள்வி எனக்கு முடிந்துவிட்டது. குதிப்பதற்காக அல்ல, இருந்தபடியே ஏறுவதற்காக. இதை யூடியூபில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, அங்கே எல்லோரும் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் ஒரு முழங்கால் உயரப் படி, அதில் நான் கொஞ்சம் அவசரப்பட்டேன், ஷொக் அடிவரை போய் "டொக்" என்றது. ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது 150 / 160. அந்தப் படியில் இறங்கினதே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் வந்த பத்து நிமிட ஏற்றத்தில் முன்சக்கரம் நாய் மணம் பிடிப்பது மாதிரி இடமும் வலமும் போனது, 800 மில்லிமீட்டர் ஹாண்டில்பார் இரண்டு மரத்தில் தட்டியது, தட்டையான இடத்தில் அது தூங்கிவிடுகிறது, எழுப்பி எழுப்பி ஓட்ட வேண்டும். உரிமையாளர் நல்ல மனிதர், "கோடையில் ஐந்து தடவை புளூ மௌன்டன் போவேன், அதற்குத்தான் வாங்கினேன், மிச்ச நாளெல்லாம் இதைச் சுமக்கிறேன்" என்றார். இவ்வளவு நேர்மையான விமர்சனம் நான் எங்கேயும் வாசிக்கவில்லை.

ஆக எனக்கு 130 அல்லது 140. இனிப் புதிதா, பாவித்ததா?


வாட்டர்லூ_வண்டி · கிச்சனர்

38 பிஎஸ்ஐ!!! அண்ணா, என் கட்சியே உங்களால் வாழ்கிறது.

சரி, தோல்வியை ஒத்துக்கொள்கிறேன். உட்கார்ந்தபடி ஏறுவது என்ற காரணம் நியாயமானது, அதை நான் யோசிக்கவில்லை, ஹைட்ரோகட்டில் அந்தத் தேவை வருவதில்லை.

பழையது வாங்கினால் விலை பாதி, ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள், பின்சக்கரம் தரையை விடுவதற்கு முன்னால் "க்ளிக்" என்று ஒரு ஆட்டம் தெரிந்தால் பிவட்டிலோ ஷாக் புஷ்ஷிங்கிலோ தேய்மானம். ஃபோர்க்கின் பளபளக்கும் காலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டினால் கீறல், எண்ணெய் ஒழுகும், மாற்ற நிறையச் செலவு. கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார் என்று கேளுங்கள். "தேவையே படவில்லை" என்றால் ஓடி வந்துவிடுங்கள். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்கால் சர்வீஸ் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒரு முறை என்கிறது. வாரம் நான்கு மணி நேரம் ஓட்டினால் 50 மணி நேரம் மூன்று மாதத்தில் வந்துவிடும், யாரும் செய்வதில்லை, நானும் செய்வதில்லை, ஆனால் விற்கிறவர் ஒரு முறையாவது செய்திருக்க வேண்டாமா?

ஃபிரேம் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்குத்தான். 92 கிலோவுக்கு அதையும் யோசியுங்கள்.


வேகம்90 · பேரி

ஆன்லைனில் நேராக அனுப்புகிற கம்பெனிகளையும் பாருங்கள். அதே காசுக்கு ஒரு படி மேலான ஃபோர்க், பிரேக் கிடைக்கும்.


வாட்டர்லூ_வண்டி · கிச்சனர்

கிடைக்கும். என் பழைய சைக்கிள் அப்படித்தான் வந்தது, பெயர் வேண்டாம். ஜூன் மாதம் டெரெயிலர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்குகிற துண்டு) வளைந்தது, உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு அலுமினியத் துண்டு, அந்த மாடலுக்கு மட்டும் பொருந்துகிறது, ஐந்து வாரம் கழித்து வந்தது. கனடாவில் கோடையே எத்தனை வாரம் அண்ணா? 2019இல் ஸ்ராம் கொண்டுவந்த யூடிஎச் என்கிற பொது ஹேங்கர் இருக்கிற ஃபிரேமாகப் பாருங்கள், எந்தக் கடையிலும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் இதை மட்டும் கேளுங்கள்.


வேரும்கல்லும் · மில்டன்

அண்ணாவுக்குக் கடைதான் நல்லது என்று நினைக்கிறேன். தானாகக் காற்றே அளக்காத ஆள் (கோபிக்க வேண்டாம்), பெட்டியில் வந்த சைக்கிளைப் பூட்டி, பிரேக்கில் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறாரா?

இன்னொன்று, சைஸ். 178 என்பது பல கம்பெனிகளில் மீடியத்துக்கும் லார்ஜுக்கும் நடுவில் விழும். இணையத்தில் எல்லோரும் பெரியதை எடு என்பார்கள், அது இப்போது ஒரு ஃபேஷன். ரீச் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சீட் டியூப் (சீட் தண்டு இறங்குகிற குழாய்) 77 டிகிரி நிமிர்ந்திருந்தால் உட்காரும்போது முன்னால் வந்துவிடுவீர்கள், நீளமான சைக்கிள்கூடக் குட்டையாகத் தெரியும். எழுந்து நின்றால்தான் நீளம் தெரியும். இரண்டிலும் உட்கார்ந்தும் பாருங்கள், நின்றும் பாருங்கள். இடுப்புக்காரருக்கு நான் சொல்வது, சந்தேகம் வந்தால் ஹாண்டில்பார் உயரமாக வருகிற பக்கம் போங்கள்.


பழைய_பெடல் · அக்ஸ்பிரிட்ஜ்

கடைகளில் போன வருட மாடல் இன்னும் கிடக்கிறது, தேடுங்கள். பெருந்தொற்று நேரத்தில் சைக்கிளே கிடைக்காமல் இருந்தது, பிறகு எல்லோரும் அளவுக்கு மிஞ்சி இறக்கிவிட்டு விற்க முடியாமல் முழிக்கிறார்கள். நிறம் பிடிக்காவிட்டால் இன்னும் நல்லது, அதைத்தான் குறைப்பார்கள்.


சங்கிலிக்கறுப்பு · ஸ்காபரோ

மூன்று கிழமை கழித்து வருகிறேன். வாங்கியாகிவிட்டது.

போன வருட மாடல், புதியது, 130 / 140, நான்கு பிஸ்டன் பிரேக், யூடிஎச் உண்டு (வாட்டர்லூ தம்பிக்காகக் கேட்டேன், கடைப் பையனுக்கே ஆச்சரியம்). 3199, வரியோடு 3615. மிச்சக் காசில் ஷொக் பம்ப், டியூப்லெஸ் திரவம், ரயர் அளக்கிற கருவி. நிறம் பழுத்த பப்பாளி. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இந்த இழை இன்னும் ஐந்து பக்கம் ஓடும்.

சைஸில் அக்கா சொன்னபடி செய்தேன். எண்ணைப் பார்த்தால் லார்ஜ். நின்றால் லார்ஜ் நன்றாக இருந்தது, உட்கார்ந்தால் மீடியம். நான் நாளில் பாதி நேரம் உட்கார்ந்தே இருக்கப்போகிற ஆள் என்பதால் மீடியத்தை எடுத்துக் கடையிலேயே இன்னும் உயரமான ஹாண்டில்பார் போட்டு வாங்கினேன். கடையில் இருந்த இன்னொரு வாடிக்கையாளர், முன்பின் தெரியாதவர், "லார்ஜ் எடுத்திருக்கலாமே" என்றார். எத்தனை கிலோ, எங்கே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். சாலைச் சைக்கிள்தானாம்.

மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "130ஆ? பிள்ளைக்கா?" என்று பதில் வந்தது.

கெல்சோவில் இரண்டு தடவை, டர்ஹமில் நான்கு தடவை ஓடியாகிவிட்டது. டர்ஹமில் இது கொஞ்சம் கூடுதல்தான், ஐயா சொன்னது சரி, ஆனால் ஷொக்கின் அந்தச் சின்ன நெம்புகோலைத் திருப்பி இறுக்கிவிட்டால் குறை தெரியவில்லை. கெல்சோ முடித்து அடுத்த நாள் காலையில் குனிந்து சப்பாத்துக் கட்டினேன், மனைவி கவனித்தார்.

ஒரே ஒரு பிரச்சினை. இருந்து பெடல் போடும்போது எங்கிருந்தோ "கிறீக், கிறீக்" என்று ஒரு சத்தம். நின்று மிதித்தால் இல்லை. பிவட் பேரிங் போய்விட்டதா? புதுச் சைக்கிள்! யூடியூபில் ஒருவர் ஃபிரேம் வெடிப்பாக இருக்கலாம் என்கிறார், நேற்று இரவு நித்திரை இல்லை.


வேகம்90 · பேரி

பொட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழல்கிற இடம்).


வாட்டர்லூ_வண்டி · கிச்சனர்

மெயின் பிவட் போல்ட். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிப் பாருங்கள். ஹார்ட்டெயிலில் இந்தப் பிரச்சினை இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.


வேரும்கல்லும் · மில்டன்

நின்றால் இல்லை, இருந்தால் மட்டும் என்கிறாரே, வாசிக்கவே மாட்டீர்களா இரண்டு பேரும்? சீட்போஸ்ட். கிளாம்பைத் தளர்த்தி, டிராப்பர் கேபிளை உள்ளே மெதுவாகத் தள்ளிக்கொண்டே போஸ்ட்டை வெளியே எடுங்கள். துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் பூசி, போட்டு இறுக்குங்கள். சீட்டுத் தண்டவாளம் பிடிக்கிற இடத்தையும் துடையுங்கள்.


சங்கிலிக்கறுப்பு · ஸ்காபரோ

சீட்போஸ்ட்தான். உள்ளே ஒரு கைப்பிடி டர்ஹம் மணல்.